இருவர் மட்டும் என்றான பிறகு: ஆண் இணையர்கள் பால்வினைத் தொற்றைக் கணக்கிடுவது எப்படி

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்புறம், மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், தண்ணீர் லாரி வந்த நாள், பால் வேண்டாமென்று சொன்ன நாள் ஆகியவற்றுக்கு நடுவே, என் துணைவரும் நானும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கிய ஆண்டில், மூன்று தேதிகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, கிருத்திகைக்கு விரதம் இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டோம். உண்மையில் அவை நாங்கள் இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டிய நாள்கள்.

வேறு யாரிடமும் செல்லாத இரண்டு ஆண்களுக்கிடையே பால்வினை நோய் வருமா என்ற கேள்விக்கு விடை அந்த மூன்று வட்டங்களில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அதை எப்படிப் போடுவது, போட்ட பின் என்ன செய்வது, எதிர்பாராத முடிவு வந்தால் அதை எப்படிப் படிப்பது என்பனவற்றை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; ஆகவே உடம்பில் ஏதேனும் அறிகுறி இருப்பவர் இதைப் படித்து முடிக்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்வதே முறை.

முதலில் தெளிய வேண்டிய ஒன்று

கிருமி இல்லாத இடத்தில் நோய் முளைப்பதில்லை. இருவர் உடலிலும் தொற்று இல்லையென்றால், அவர்கள் எந்த விதமாக உறவு கொண்டாலும், எத்தனை முறை கொண்டாலும், ஆணுறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஹெச்.ஐ.வி.யோ மேகநோயோ (சிஃபிலிஸ்) வெட்டை நோயோ (கொனோரியா) புதிதாக உண்டாகிவிடாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ஆசனவாய் வழி உறவு என்ற செயலே எய்ட்ஸை உண்டாக்கிவிடும் என்று நம்புகிறவர்களைப் படித்தவர்களிடையேயும் நான் பார்த்திருப்பதுதான். இணையத்தில் கிடைக்கும் எண்களும் அந்த எண்ணத்துக்குத் தீனி போடுகின்றன. ஹெச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவருடன் ஆணுறையின்றி ஆசனவாய் வழி உறவு கொள்ளும்போது, ஏற்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 முறைக்குச் சுமார் 138 என்றும், செலுத்துபவருக்குச் சுமார் 11 என்றும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் மதிப்பிடுகிறது. பலர் இந்த வாக்கியத்தின் முதல் பாதியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எதிரில் இருப்பவரிடம் கிருமி இல்லையென்றால் அந்த 138-உம் சுழியம்தான், அந்த 11-உம் சுழியம்தான்.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நாங்கள் வாழும் இதே சென்னையில்தான். 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி திரட்டிய இரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. அந்த மாதிரிகளைக் கொடுத்தவர்கள் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள். கிருமி யாருடைய பாலீர்ப்பையும் விசாரித்துக்கொண்டு உள்ளே நுழைவதில்லை என்பதற்கு இந்த ஊரின் வரலாறே சாட்சி.

ஆகவே ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்கும் இருவருக்கிடையே, ஆபத்து இரண்டு வழிகளில் மட்டுமே இருக்க முடியும்: ஒருவர் முன்பே கொண்டுவந்தது, அல்லது பின்னால் வெளியிலிருந்து வந்து சேர்வது. முன்னதைப் பரிசோதனையால் முடித்துவிடலாம். பின்னதைப் பேச்சால்தான் காக்க முடியும்.

தேதியைக் குறிப்பது

கணக்கின் தொடக்கப் புள்ளி நீங்கள் இருவரும் சந்தித்த நாளும் அல்ல, காதலைச் சொன்ன நாளும் அல்ல. ஒவ்வொருவரும் வேறொருவருடன் கடைசியாக உறவு கொண்ட நாளே அது. வாய் வழி உறவும் இதில் சேரும். சரியான நாள் நினைவில் இல்லையென்றால், பொங்கலுக்கு முன்னா பின்னா, புயல் மழைக்கு முன்னா பின்னா என்று யோசித்துப் பார்த்து, இருக்கக்கூடிய கடைசி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருடைய தேதிகளில் எது பிந்தியதோ அதைக் காலண்டரில் குறியுங்கள்.

கிருமி உடலில் நுழைந்தாலும் பரிசோதனையில் தெரிவதற்குச் சில காலம் பிடிக்கும். இதை மருத்துவமனைகளில் விண்டோ பீரியட் என்பார்கள். ஹெச்.ஐ.வி.க்குத் தனியார் ஆய்வகங்களில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுவதால், 45 நாள்களில் உறுதியான முடிவைத் தந்துவிடும். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள்கள் கழிய வேண்டும். மேகநோய்க்குப் பொதுவாக மூன்று வாரங்களில் புண் தோன்றும் என்றாலும், 10 நாளிலிருந்து 90 நாள்வரை எப்போது வேண்டுமானாலும் தோன்றலாம்; ஆகவே அதற்கும் 90 நாள்களே பாதுகாப்பான கணக்கு. வெட்டை நோயும், அதைப் போலவே பாக்டீரியாவால் வரும் கிளமிடியாவும் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நிதானமானவை. அவற்றுக்கு ஆறு மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பிந்திய தேதி மார்ச் 10 என்று வையுங்கள். ஏப்ரல் 24 அன்று 45 நாள் முடிகிறது. ஜூன் 8 அன்று 90 நாள். செப்டம்பர் 10 அன்று ஆறு மாதம். இவையே அந்த மூன்று வட்டங்கள். முதல் வட்டத்தன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பரிசோதனை, இரண்டாவதில் ஹெச்.ஐ.வி.யையும் மேகநோயையும் உறுதிப்படுத்த ஒன்று, மூன்றாவதில் ஹெபடைடிஸுக்கு ஒன்று. ஜூன் 8 வரை ஆணுறையை விடக்கூடாது என்பது என் கருத்து. 45 நாள் போதாதா என்று கேட்பவர்களுடன் நான் சண்டை போடுவதில்லை, ஹெச்.ஐ.வி.க்கு மட்டும் என்றால், நான்காம் தலைமுறைப் பரிசோதனையாகவும் இருந்தால், போதும். ஆனால் மேகநோய் அந்தக் கணக்குக்குள் அடங்காது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காத்திருக்கும் காலத்தில் நீங்கள் இருவரும் ஆணுறையின்றி உறவு கொண்டிருந்து, பிறகு ஒருவருக்குத் தொற்று இருப்பதாகத் தெரியவந்தால், மற்றவருடைய கணக்கு பழைய தேதியிலிருந்து ஓடாது. உங்களுக்கிடையே கடைசியாக உறவு நடந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

காத்திருக்கும் காலத்து ஆணுறையைப் பற்றி ஒரு சொல். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் எதுவுமே லேடெக்ஸ் ஆணுறைக்கு ஆகாது. எண்ணெய் பட்ட சில நிமிடங்களிலேயே ரப்பர் வலுவிழந்து கிழியும். நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தேங்காய் எண்ணெய்தான் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீரை அல்லது சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்ட வழவழப்புக் களிம்பு எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஆணுறையைச் சித்திரை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் டிக்கியில் வைத்திருந்து எடுத்துப் பயன்படுத்துவதும் அதே போன்ற தவறு.

எங்கே செல்வது, என்ன கேட்பது

சென்னையில் பரிசோதனைக்குப் பஞ்சமில்லை. அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை தொங்கும் அறையில் ஹெச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என எல்லா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இது உண்டு. பொது மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே நெடுங்காலமாக ஒரு தனித்துறை இயங்கிவருகிறது. காலையில் ஓ.பி. சீட்டு போடும் நேரத்திலேயே சென்றுவிடுவது நல்லது. ஆலோசகர் முதலில் உட்காரவைத்துப் பேசுவார். உங்கள் சம்மதத்தைப் பெற்ற பிறகே இரத்தம் எடுப்பார்கள். சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது என்பவை 2017-ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தில் இருக்கின்றன. விரைவுப் பரிசோதனை என்பதால் முடிவு பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். எங்கே செல்வதென்று தெரியாதவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்துக் கேட்கலாம், தமிழில் பேசுவார்கள்.

அரசு மையத்தில் செய்வது பெரும்பாலும் எதிர்ப்பொருளைத் தேடும் விரைவுப் பரிசோதனை என்பதால், அங்கே செல்பவர் 90 நாள் கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியார் ஆய்வகம் என்றால் வேறொரு சிக்கல். தென்சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து சென்றபோது, வரவேற்பில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி “ஹெச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல்., ரெண்டு பேருக்குமா சார்? பிரதர்ஸா?” என்றார். என் துணைவர் சற்றும் தயங்காமல் “ஆமாங்க” என்றார். அப்படியானால் ஃபேமிலி பேக்கேஜில் தள்ளுபடி உண்டு என்று போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து, வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்லும் சேவையைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம்.

‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ செய்துகொண்டேன், எல்லாம் நார்மல் என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, அந்தப் பட்டியலில் கொழுப்பும் சர்க்கரையும் தைராய்டும் இருக்குமே தவிரப் பால்வினைத் தொற்றுகள் பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டியவை இவை: நான்காம் தலைமுறை ஹெச்.ஐ.வி., மேகநோய்க்கு வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., அதனுடன் டி.பி.ஹெச்.ஏ. (மூன்றும் இரத்தப் பரிசோதனைகளே), ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென், ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள், வெட்டை நோய்க்கும் கிளமிடியாவுக்கும் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர்.

கடைசியில் சொன்ன பி.சி.ஆர். எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் ஆண் இணையர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். சிறுநீரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால், தொண்டையிலும் மலக்குடலிலும் தங்கியிருக்கும் கிருமி அதில் தெரியாது. இந்த இரண்டு இடங்களிலும் வெட்டை நோயும் கிளமிடியாவும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். வலி இல்லை, சீழ் இல்லை என்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது. எனவே “எனக்கு ஆண் துணைவர் இருக்கிறார், தொண்டை, மலக்குடல், சிறுநீர் மூன்றிலும் பரிசோதிக்க வேண்டும்” என்று மருத்துவரிடம் சொல்லி, அப்படியே எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயது வந்தோரின் சம்மத உறவை விடுவித்துவிட்டது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சைகளைத் தடைசெய்தது. ஆகவே மருத்துவர் உபதேசம் தொடங்கினால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வேறு மருத்துவரிடம் செல்லலாம். தனியாகச் செல்லத் தயங்குபவர்கள், சென்னையில் நெடுங்காலமாக ஆண்களிடையே பணியாற்றிவரும் சகோதரன் போன்ற அமைப்புகளிடம் உதவி கேட்கலாம்.

ஆய்வகங்கள் விற்கும் ‘எஸ்.டி.டி. பேனல்’களில் ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். என்று, கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பிஸ் கிருமிக்கான இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதவர் அதைச் செய்துகொள்ளாமல் இருப்பதே நல்லது. அது புதிய தொற்றையும் பழைய தொற்றையும் பிரித்துக் காட்டும் திறன் இல்லாதது, பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டக்கூடியது. அந்த ஒற்றை வரியால் பல வீடுகளில் இரவு முழுக்கச் சண்டை நடந்திருக்கிறது.

இரத்த தானம் செய்தால் இலவசமாகப் பரிசோதித்துவிடுவார்கள் என்ற யோசனையும் சிலரிடம் உண்டு. அது தவறு. விண்டோ பீரியடில் இருக்கும் ஒருவரின் இரத்தம் யாரோ ஒரு நோயாளியின் உடலில் ஏறிவிடக்கூடும். தவிர, 2017-இல் வந்த விதிமுறைகள் ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களை இரத்த தானத்திலிருந்து விலக்கிவைத்திருக்கின்றன. அந்த விதி நியாயமா என்பதைத் தனியாக விவாதிக்கலாம். பரிசோதனைக்காக இரத்த வங்கிக்குச் செல்லக்கூடாது என்பதில் விவாதமே இல்லை.

பாசிட்டிவ் என்று வந்தால்

அறிக்கை கையில் வந்தவுடன் எழும் முதல் கேள்வி, பெரும்பாலும் ‘எப்படிக் குணமாக்குவது’ என்பதாக இருப்பதில்லை. ‘யாரிடம் போனாய்’ என்பதாகவே இருக்கிறது. இந்த இடத்தில் நான் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான தொற்றுகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி அற்றவை.

ஹெர்பிஸை எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டோரம் கொப்புளமாக வரும் முதல் வகை, குழந்தைப் பருவத்தில் பாட்டியின் முத்தத்தில்கூட வந்திருக்கலாம். உதட்டில் கொப்புளம் இருக்கும்போது வாய் வழி உறவு கொண்டால் அதே கிருமி பிறப்புறுப்பில் புண்ணாகத் தோன்றக்கூடும். ஒருமுறை உடலில் நுழைந்தால் அது நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கிவிட்டு, காய்ச்சலிலோ தூக்கமின்மையிலோ முதல்முறையாக வெளிப்படக்கூடும். ஆசனவாய் மருவை உண்டாக்கும் ஹெச்.பி.வி.யும் அப்படியே: இன்று தோன்றும் மருவுக்குக் காரணமான தொற்று எப்போது வந்தது என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஹெபடைடிஸ் பி பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கக்கூடியது. நாடு முழுவதும் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் அது 2011-இல்தான் சேர்ந்தது என்பதால், இன்று முப்பது வயதில் இருப்பவர்களில் பலர் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே. மேகநோய் புண் ஆறிய பிறகு ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி உடலில் தங்கும். வலியில்லாத அந்தப் புண் மலக்குடலின் உள்ளே வந்து போயிருந்தால், உடையவருக்கே தெரிந்திருக்காது. கிளமிடியா சிகிச்சையின்றிப் பல மாதங்கள் நீடிக்கும். காலம் குறுகியது என்று ஓரளவு சொல்லக்கூடியது சிறுநீர்த் தாரையில் வரும் வெட்டை நோய் மட்டுமே. அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் எரிச்சலும் சீழுமாக வெளிப்பட்டுவிடும். அப்போதும்கூட, துணைவரின் தொண்டையில் அறிகுறியின்றி இருந்ததிலிருந்து வந்திருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

மேகநோய் அறிக்கையைப் படிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வி.டி.ஆர்.எல். மலேரியா போன்ற காய்ச்சல்களாலும், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் சில நோய்களாலும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும், அதனால்தான் டி.பி.ஹெச்.ஏ. உடன் சேர்த்துப் பார்க்கிறார்கள். மறுபுறம், டி.பி.ஹெச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், பென்சிலின் ஊசியால் முழுவதும் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் குணமான ஒருவரின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் வந்தது என்று முடிவு கட்டக்கூடாது. சிகிச்சை பலித்ததா என்பதை ஆர்.பி.ஆர். அளவு இறங்குவதைக் கொண்டு அறிவார்கள்: 1:32 என்று இருந்தது 1:8 ஆனால் நான்கு மடங்கு குறைந்திருக்கிறது என்று பொருள். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் பார்க்க வேண்டும். பழைய அறிக்கைகளை ரேஷன் கார்டைப் போலப் பத்திரமாக வைத்திருப்பதன் பயன் அப்போதுதான் தெரியும்.

பாக்டீரியாவால் வரும் தொற்று எதுவானாலும் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால், கேரம் போர்டில் அடித்த காய் திரும்பி வருவதைப் போல அது திரும்பி வந்து சேரும். வெட்டை நோய்க்கும் கிளமிடியாவுக்கும் சிகிச்சை முடிந்த பின் ஏழு நாள் உறவைத் தவிர்த்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதிப்பது வழக்கம். மருந்துக் கடையில் “எரிச்சலுக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டு வாங்கும் மாத்திரை, வெட்டை நோய்க் கிருமியை அநேகமாகக் கொல்லாது. பழைய மருந்துகள் பலவற்றுக்கு அது பழகிவிட்டது. அறிகுறியை மட்டும் அமுக்கிவிட்டுப் பரிசோதனையையும் குழப்பிவிடும். லாட்ஜில் அறையெடுத்து மாதம் ஒருமுறை வந்து போகும் வைத்தியர்களைப் பற்றிச் சுவரொட்டி பார்த்த எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் கொடுக்கும் பணத்துக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லையென்று வந்தால், அத்துடன் வாழ்க்கை முடிந்துவிட்டதென்று நினைக்கும் காலம் போய்விட்டது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் 2004-இல் தொடங்கிய, ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.), 2017-லிருந்து தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே தரப்படுகிறது. நாள் தவறாமல் மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 200-க்குக் கீழே இறங்கி அப்படியே நிலைத்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் ஹெச்.ஐ.வி. பரவுவதில்லை. 2019-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, இப்படிப்பட்ட ஏறத்தாழ 780 ஆண் இணையர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது; ஆணுறையின்றி அவர்களுக்கிடையே நடந்த சுமார் 76,000 ஆசனவாய் வழி உறவுகளில், துணைவரிடமிருந்து ஒருமுறைகூடத் தொற்றவில்லை. அந்தக் காலத்தில் 15 பேருக்குப் புதிதாக ஹெச்.ஐ.வி. வந்தது உண்மைதான்; மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை எல்லாமே வெளியிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. இந்த நிலை ஹெச்.ஐ.வி.க்கு மட்டுமே பொருந்தும். மேகநோய்க்கோ மற்றவற்றுக்கோ அல்ல.

தொற்று இல்லாத இருவருக்கும் வரக்கூடியவை

எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்த பிறகும் எரிச்சலோ அரிப்போ வந்தால் பதற வேண்டாம். ஆசனவாய் வழி உறவில் குடல் பாக்டீரியா சிறுநீர்த் தாரைக்குள் சென்று சிறுநீர்த் தொற்றை உண்டாக்கலாம். உறவு முடிந்தவுடன் சிறுநீர் கழித்துக் கழுவிக்கொள்வது உதவும். மே மாதப் புழுக்கத்தில் தொடையிடுக்கில் வரும் படர்தாமரைக்குப் பால்வினை நோய் என்ற பெயர் சூட்ட வேண்டியதில்லை. ஆனால் அதுவும் சிரங்கும் ஒரே துண்டையும் படுக்கையையும் பகிர்பவர்களுக்கிடையே பரவும். இரத்தம் கசிந்தால் மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோ இருக்கலாம், மலக்குடல் தொற்றாகவும் இருக்கலாம். இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசனவாயில் வாய் வைப்பவர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ, சீதபேதி போன்றவை வரலாம். துணைவர் வெளியில் எதையோ சாப்பிட்டுவிட்டு வயிற்றுப்போக்கில் இருக்கும் வாரத்தில் அதைத் தவிர்ப்பதே அறிவு. சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து வருவது

இனிமேல் இருவர் மட்டும் என்று சொல்லிக்கொள்வது எளிது. அதன் பொருள் இருவருக்கும் ஒன்றுதானா என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. மசாஜ் நிலையத்தில் நடப்பது சேருமா, செயலியில் பேசுவது சேருமா, வாய் வழி மட்டும் என்றால் சேருமா என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். தொற்றின் கணக்கில் பேச்சு சேராது, மற்ற இரண்டும் சேரும். மனத்தின் கணக்கை நீங்கள் இருவரும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான உடன்பாடு, தவறு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது. அந்தக் கால அளவுக்குக் காரணம் உண்டு: ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் அவசர மருந்தை அதற்குள் தொடங்கினால்தான் பயன், தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும், எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கூட்டு மருந்து மையம் உள்ள அரசு மருத்துவமனையிலோ தொற்று நோய் மருத்துவரிடமோ அன்றே கேட்க வேண்டும். சொன்னால் வீட்டை விட்டுத் துரத்துவேன் என்று முன்கூட்டியே மிரட்டி வைத்திருக்கும் இணையரிடம் யாரும் 72 மணி நேரத்துக்குள் சொல்ல மாட்டார்கள். மன்னிப்பது கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. கோபத்தை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்கிறேன். சொல்லிவிட்ட பிறகு காலண்டரில் புதிய வட்டங்கள், ஆணுறை மீண்டும்.

நம் ஊரில் இதற்குள் இன்னொரு கதை ஒளிந்திருக்கிறது. முப்பதை நெருங்கும் ஆணின் ஜாதகம் வீட்டில் கைமாறிக்கொண்டே இருக்கும். பலர் ஒரு கட்டத்தில் தலையை ஆட்டிவிடுகிறார்கள். மனைவியுடன் உறவு இருக்கும் ஒருவர், ‘ஆண்களில் நீ மட்டும்தான்’ என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் மூவர். மூன்றாமவருக்கு அந்தக் கணக்கு நடப்பதே தெரியாது, தன் உடலைக் காத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்பும் தரப்படவில்லை. கருவுற்ற பெண்களுக்கு அரசு மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி.யும் மேகநோயும் பரிசோதிப்பதால், கணவனின் தொற்று மனைவியின் இரத்தத்தில் முதலில் தெரியவரும் நிகழ்வுகள் உண்டு. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு பேருக்கான விதிகள் பொருந்தா. பரிசோதனையும் ஆணுறையும் தொடர வேண்டும்.

எத்தனை நாளுக்கொரு முறை பரிசோதிப்பது என்று கேட்டால், மூன்று வட்டங்களும் சுத்தமாக முடிந்து, இருவரும் சொன்ன சொல்லில் நிற்கும்வரை, மருத்துவக் காரணம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்கிறோம். ஆண்டுதோறும் இருவருக்கும் என்று வைத்துவிட்டால், ஏதோ சந்தேகத்தில் கேட்கிறான் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

தடுப்பூசியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். நீங்கள் தள்ள வேண்டாம். ஹெபடைடிஸ் பி ஊசியை முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என மூன்று முறை போட வேண்டும். ஹெச்.பி.வி. ஊசி 26 வயதுக்குள் என்றால் மிக நல்லது, அதற்கு மேல் 45 வரை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். எங்களில் ஒருவர் முதல் இரண்டு ஹெபடைடிஸ் ஊசியைப் போட்டுக்கொண்டு மூன்றாவதை மறந்துவிட்டார். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று கேட்டபோது, தேவையில்லை, விட்டதை மட்டும் போட்டால் போதும் என்று மருத்துவர் சொன்னார். அந்தத் தேதி இந்த மாதக் காலண்டரில், சிலிண்டர் மாற்றிய நாளுக்கு அடுத்த கட்டத்தில், பென்சில் வட்டத்துக்குள் இருக்கிறது.